கம்பனியும் கணக்கும்

ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணத்தைப் பற்றி வகுப்பிலே பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒருநாள், பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து நின்றான். "சேர், ஒல்லாந்தக் கம்பனி ஆண்டது எண்டு சொல்லுறியள். கம்பனி எண்டால் கடைதானே? கடை எப்பிடி நாட்டை ஆளும்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் தந்தை திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறி கொண்டுவரும் கமக்காரர். சந்தையில் இடம் பிடிப்பதற்கும் பணம் கொடுத்துப் பழகிய குடும்பம் அது. யார் யாருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பதை அவன் வீட்டிலேயே கற்றிருந்தான். அவனுக்கு நான் அன்று சொன்ன விடை அரைகுறையானது. முழு விடையை இங்கே எழுத முயல்கிறேன்.

1658ஆம் ஆண்டு யூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. அதைக் கைப்பற்றியது ஒல்லாந்து அரசு அன்று. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி. பங்குதாரருக்கு இலாபம் ஈட்டித் தருவதற்கென அமைந்த ஒரு வணிக நிறுவனமே 1795 வரை, ஏறத்தாழ நூற்றுமுப்பத்தேழு ஆண்டுகள், இக்குடாநாட்டின் அரசாயிருந்தது. அக்கம்பனி முதலிற் செய்த காரியங்களுள் ஒன்று நம்மைப் பற்றிக் கணக்கெழுதியதாகும். நிலத் தோம்பு, தலைத் தோம்பு என்னும் ஏடுகளில் எந்தக் காணி எவருடையது, அதிலே எத்தனை மரம் நிற்கிறது, எந்த வீட்டில் எத்தனை ஆண்மக்கள், அவர்கள் எவ்வகை ஊழியத்துக்குக் கடமைப்பட்டோர் என்பனவெல்லாம் பதிவாயின. நிலவரி, தலைவரி, அதிகாரி வரி எனப் பெயர் பலவாகி வரிகள் எழுந்தன. பணம் கொடுக்க இயலாதவன் உடலைக் கொடுத்தான். அதற்குப் பெயர் ஊழியம்.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். தோம்பேட்டை எழுதியவன் குடியானவன் அல்லன். அவனைப் பற்றி மற்றவன் எழுதினான். அவன் மரத்தை மற்றவன் எண்ணினான். எண்ணியவனுடைய கணக்கோ நமக்குக் காட்டப்பட்டதில்லை. கணக்குக் கொடுப்பவன் குடியானவன். கணக்குக் கேட்பது கம்பனி. நமது நவீன வரலாற்றின் தொடக்க உறவு இதுதான்.

ஒல்லாந்தக் கம்பனி போனது. ஆங்கிலக் கம்பனி வந்தது. 1796 முதற் கரையோர மாகாணங்களைச் சென்னையிலிருந்து நிருவகித்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனி, பழைய முறைகளைப் புறந்தள்ளிச் சென்னையிலிருந்து அமில்தார்களைக் கொணர்ந்து தென்னை மரத்துக்கும் வரி விதித்தது. 1797இல் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். 1802இல் இலங்கை முடியாட்சிக் குடியேற்ற நாடாக மாற்றப்பட்டதற்கு அக்கிளர்ச்சியும் ஒரு காரணமாகும். கம்பனி ஆட்சி மறைந்தது. ஆனால் வரியின் திசை மாறியதா?

மாறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் வரிப் பட்டியலைப் படிப்போர் அதனைக் காண்பர். விளைந்த நெல்லின் பங்கைத் தானிய வரியாக அரசு வாங்கியது. 1848இல் தேசாதிபதி டொரிங்டன் துவக்குக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி எனப் புதிய சுமைகளை ஏற்றினார். அதே ஆண்டு வந்த வீதிக் கட்டளைச் சட்டம் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் உழைக்குமாறு, அன்றேல் அதற்கீடாகப் பணம் செலுத்துமாறு, வளர்ந்த ஆண்மக்களை விதித்தது. மாத்தளையிலும் குருநாகலிலும் மக்கள் எழுந்தனர், குருதி சிந்தப்பட்டது. பின்பு 1880களில் தானிய வரியைச் செலுத்த முடியாத வலப்பனைக் கமக்காரரின் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. நுவரெலியாவில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியர் என்னும் ஆங்கில அதிகாரியே அக்கொடுமையை எழுத்தில் வெளிக்கொணர்ந்தார். 1892இல் அவ்வரி நீக்கப்பட்டது.

அதே நூற்றாண்டில் மலைநாட்டிலே கோப்பியும், கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலையும் காடழித்து எழுந்தன. 1861ஆம் ஆண்டின் கூட்டுப் பங்குக் கம்பனிகள் கட்டளைச் சட்டம் 'கம்பனி' என்னும் புதிய ஆளொருவனை இந்நாட்டுச் சட்டத்தில் அமர்த்தியது. அவனுக்கு உடலில்லை, ஆனால் சொத்து வைத்திருப்பான், வழக்காடுவான், கடன்படுவான். அவன் கடன்பட்டு வீழ்ந்தாலும் பங்குதாரர் தாம் இட்ட முதலுக்கு மேல் இழக்கமாட்டார். இலண்டனிற் பதிவாகிய ஸ்டேர்லிங் கம்பனிகளோ, தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட கூலிகளின் உழைப்பில் விளைந்த இலாபத்தைக் கடல் கடந்து கொண்டுசென்றன. ஏற்றுமதியிறக்குமதித் தீர்வைகள் இருந்தன என்பது உண்மை. ஆனால் இறக்குமதி அரிசிமீது விழுந்த தீர்வையை இறுதியிற் சுமந்தவர் அந்த அரிசியை உண்ட தோட்டத் தொழிலாளியும் யாழ்ப்பாணத்து ஏழையுமேயாவர். கம்பனியின் இலாபத்துக்கென வருமான வரி ஒன்று இல்லை. நெல்லுக்கு வரி ஒழிந்தபின்னும் நாற்பது ஆண்டுகள், அதாவது 1932 வரை, அஃது இல்லாமலேயே இருந்தது.

இதனை ஏதோ அறியாமை என எண்ணலாகாது. பிரித்தானியாவில் பிற் 1799இலேயே வருமான வரியைக் கொணர்ந்தார். நெப்போலியப் போரின் பின் அது கைவிடப்பட, 1842இல் பீல் மீட்டுக் கொணர்ந்தார். இந்தியாவில் 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கிய செலவை ஈடுசெய்யும்பொருட்டு 1860இல் யேம்ஸ் வில்சன் அதனை விதித்தார். பாக்கு நீரிணைக்கு அக்கரையில் 1860இல் வந்த வரி இக்கரைக்கு வர எழுபத்திரண்டு ஆண்டுகள் சென்றமைக்குக் காரணம் யாது? தோட்ட முதலாளிகளும் அவர்களோடு உறவாடிய உள்ளூர்ச் செல்வரும் சட்டசபையில் வீற்றிருந்தமையும், சுங்கத் தீர்வையால் அரசின் பெட்டி நிறைந்தமையுமே காரணம் என்பது வெளிப்படை. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் தேயிலை, இறப்பர் விலைகளை வீழ்த்தி அப்பெட்டியை வெறுமையாக்கியபோதே அவர்கள்மீது கை வைக்கும் துணிவு அரசுக்குப் பிறந்தது.

1932ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வருமான வரிக் கட்டளைச் சட்டம் அவ்வாண்டு ஏப்பிரல் முதலாந் திகதி தொடக்கம் நடைமுறைக்கு வந்தது. சர்வசன வாக்குரிமையோடு 1931இல் தெரிவான டொனமூர் அரசாங்க சபையின் முதற் காலத்துச் சட்டம் அது. இங்கே யாழ்ப்பாணத்தார் நினைவிற் கொள்ள வேண்டிய செய்தியொன்றுண்டு. முழுச் சுயராச்சியம் தராத அரசியல் திட்டத்தை ஏற்கோம் என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் முழங்க, 1931ஆம் ஆண்டுத் தேர்தலை யாழ்ப்பாணக் குடாநாடு பகிஷ்கரித்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளின் ஆசனங்கள் 1934 வரை வெறுமையாய்க் கிடந்தன. ஹண்டி பேரின்பநாயகம் போன்ற இளம் ஆசிரியர்கள் முன்னின்ற அவ்வியக்கத்தின் இலட்சிய வேகம் நாம் பெருமைப்படத் தக்கது. எனினும், செல்வர்கள் அரசுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்ற சட்டம் பிறந்த வேளையில் அச்சபையில் இக்குடாநாட்டின் குரல் ஒன்றேனும் இல்லாதுபோயிற்று என்பதும் வரலாறே. பெருமையோடு இதனையும் சேர்த்தே மாணவர்க்குச் சொல்ல வேண்டும்.

அச்சட்டம் செய்த புதுமை யாது? வரியின் அளவை நான் சொல்லவில்லை. கணக்கின் திசை மாறியதையே சொல்கிறேன். முன்னர் அதிகாரி வயலுக்கு வந்து நெல்லை அளந்தான். இப்போது வருமானம் உடையவன் தன் வருமானத்தைத் தானே எழுதி அரசிடம் ஒப்படைக்க வேண்டும். அவ்வெழுத்துக்கு நம் நாட்டுத் தமிழில் 'விவரத்திரட்டு' என்று பெயர். உடலில்லாத கம்பனிக்குப் பதில் சொல்ல அதன் முகாமையாளரோ முதன்மை அலுவலரோ பொறுப்பாளியானார். மதிப்பீட்டாளர் அதனை ஏற்கலாம். ஏற்காவிடின் தம் மதிப்பீட்டைச் செய்யலாம். அம்மதிப்பீட்டை எதிர்த்து மீளாய்வுச் சபைக்கும் நீதிமன்றத்துக்கும் செல்லும் வழியும் இருந்தது. வலப்பனைக் கமக்காரனுக்கு வாய்க்காத உரிமைகள் இவை! அவன் வயல் ஏலத்துக்கு வந்தபோது எந்த மீளாய்வுச் சபை கூடியது?

எனினும் ஒப்படைத்தல் என்பது ஒப்புக்கொடுத்தல் அன்று. இம்முறைக்குப் பிறவியிலேயே இரு குறைகள் உண்டு. ஒன்று, கணக்கை எழுதுபவன் கணக்குக்குரியவனே. சம்பளக்காரனின் வருமானத்தைப் பிறர் அறிவர். கம்பனியின் வருமானத்தைக் கம்பனியே அறியும். எது செலவு, எது தேய்மானம், எது வெளிநாட்டுத் தாய்க் கம்பனிக்குக் கொடுத்த கட்டணம் என்பதை முதலில் அதுவே தீர்மானிக்கிறது. மற்றது இரகசியம். வரி அலுவலர் தாம் காணும் விவரத்திரட்டைப் பிறர்க்கு வெளியிடலாகாது என்று சட்டம் அவர்களை வாய்கட்டி வைத்தது. தனிமனிதன் ஒருவனின் அந்தரங்கத்துக்கு அது காவல். ஆயிரம் பேரின் உழைப்பில் இலாபம் காணும் கம்பனிக்கு அது மதில்.

இத்தனை குறையுடைய அந்த ஏற்பாடும் வீண்போகவில்லை. 1941இல் போர்க்கால மிகையிலாபத்துக்கு வரி வந்தது. 1948இல் இலாப வரிச் சட்டம் வந்தது. 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் முதற் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறையானது. நேர்வரியினால் மட்டுமே அத்திட்டம் நின்றது என்று நான் கூறேன். ஆனால் செல்வர்மீது வரி விதிக்க இயலாத அரசு ஏழைக்கு இலவசமாய்க் கல்வி தர இயலாது என்பதில் ஐயமில்லை. இதனை எழுதுபவனும், படிப்போரிற் பலரும், அக்கல்வியின் பிள்ளைகளே. நாம் கற்ற ஒவ்வோர் எழுத்துக்கும் பின்னால் எவரோ கொடுத்த வரி நிற்கிறது.

அரசின் பெட்டி குறையும்போது கை எங்கே நீளும் என்பதை 1953 காட்டியது. பங்கீட்டரிசியின் விலை இருபத்தைந்து சதத்திலிருந்து எழுபது சதமாக உயர்த்தப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஓகஸ்ட் 12ஆம் நாள் நாடு ஹர்த்தாலில் எழுந்தது. அமைச்சரவை ஒரு போர்க்கப்பலிற் கூடியது. சில வாரங்களிற் பிரதமர் பதவி துறந்தார். கணக்குப் புத்தகத்தின் ஒரு பக்கத்திற் கை வைக்க அஞ்சியவர்கள் மறுபக்கத்திற் கை வைத்ததன் விளைவு அது.

1956க்குப் பின் இக்கேள்வி வேறு வகையில் எழுந்தது. கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் நிக்கலஸ் கால்டோர் 1958இல் பண்டாரநாயக்க அரசின் அழைப்பில் இங்கு வந்தார். அதற்கு முன்னர் இந்தியாவுக்கும் அவர் ஆலோசனை கூறியிருந்தார், தமிழரான டி. டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராயிருந்த 1957இல் அங்கு செல்வ வரியும் செலவு வரியும் சட்டமாயின. கால்டோரின் கருத்து எளியது, கூர்மையானது. ஒருவன் தன் வருமானத்தை மறைக்கலாம். ஆனால் வருமானம், சொத்து, செலவு, நன்கொடை, மூலதன ஆதாயம் ஆகிய ஐந்தையும் ஒரே விவரத்திரட்டில் எழுதச் சொன்னால், ஒன்றிலே சொன்ன பொய்யை மற்றொன்று காட்டிக்கொடுக்கும். நம் கிராமத்தவர் அறியாத கருத்தா இது? வருமானம் இல்லை என்று சொல்பவன் மாடிவீடு கட்டினால் ஊர் கேட்காதா? 1959இல் செல்வ வரியும் செலவு வரியும் நன்கொடை வரியும் சட்டமாயின. ஆனால் வலை முழுமையாய்ப் பின்னப்படவில்லை. செலவு வரி நெடுநாள் நிலைக்கவில்லை. அறிவு குறைவால் அன்று, அதிகாரத்தில் இருந்தவர்க்கு மனம் இல்லாமையால் அது வாடியது.

தோட்டக் கம்பனிகளின் நிலம் 1975இல் அரசுடைமையானது. ஆனால் 1977இல் காற்று மாறியது. 1978ஆம் ஆண்டின் பாரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழுச் சட்டம் கட்டுநாயக்க வலயத்துக்கு வழிவகுத்தது. முதலீட்டை அழைக்க வரி விடுமுறை வந்தது. 2008ஆம் ஆண்டின் உபாயமார்க்க அபிவிருத்திக் கருத்திட்டங்கள் சட்டம் இருபத்தைந்து ஆண்டுகள் வரை விலக்களிக்க இடந்தந்தது. 2021ஆம் ஆண்டின் கொழும்புத் துறைமுக நகரச் சட்டமோ நாற்பது ஆண்டுகள் வரை என்றது. விடுமுறை என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்தார் நன்கறிவோம். நாற்பதாண்டு விடுமுறை பெற்ற மாணவனை நாம் கண்டதில்லை!

இனி, கடமை என்னவென்று சட்டம் இன்று சொல்வதைப் பார்ப்போம். 1963, 1979, 2000, 2006 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களைத் தொடர்ந்து வந்தது 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம். 2018 ஏப்பிரல் முதற் செயற்படுகிறது. அது வகுத்த ஒழுங்கின்படி மதிப்பீட்டாண்டு ஏப்பிரல் முதலாந் திகதி தொடங்கி மார்ச் 31இல் முடியும். கம்பனி தன் வரியைத் தானே மதிப்பிட்டு, ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15ஆந் திகதிகளில் நான்கு தவணையாகக் கட்ட வேண்டும். எஞ்சியதைச் செப்டெம்பர் 30க்குள் கட்ட வேண்டும். நிதிக்கூற்றுகளோடு விவரத்திரட்டை நவம்பர் 30க்குள் ஒப்படைக்க வேண்டும். காலந் தாழ்த்தினால் தண்டம். நட்டமடைந்தோம் என்று சொல்லும் கம்பனிக்கும் விவரத்திரட்டிலிருந்து விலக்கில்லை. நட்டத்தையும் எழுதிக் காட்ட வேண்டும் என்பது நல்ல விதி. இல்லையென்று வாயாற் சொன்னால் போதாது. இல்லாமைக்கும் கணக்கு வேண்டும்.

இத்தனை ஒழுங்கும் ஒரு கையெழுத்தில் எவ்வாறு தளர்ந்தது என்பதை 2019 காட்டிற்று. அவ்வாண்டு இறுதியில் வந்த புதிய ஆட்சி, கம்பனி வரியின் பொது வீதத்தை 28 விழுக்காட்டிலிருந்து 24 ஆகவும், பெறுமதி சேர் வரியை 15 விழுக்காட்டிலிருந்து 8 ஆகவும் குறைத்தது. நாட்டின் மொத்த உற்பத்தியில் அரசுக்கு வந்த வரியின் பங்கு 2021இல் எட்டு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. பெருந்தொற்று வந்தது, அந்நியச் செலாவணி வற்றியது, 2022 ஏப்பிரல் 12இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இலங்கை நிறுத்தியது. வரிக்குறைப்பு ஒன்றே அதற்குக் காரணமன்று. ஆனால் அது முதன்மையான காரணங்களுள் ஒன்று. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற நம் கடற்றொழிலாளரும் பரீட்சைத் தாள் அச்சிடக் கடதாசியில்லாது தவித்த பள்ளிக்கூடங்களும் அந்த விலையைக் கொடுத்தன.

பின்பு திருத்தம் வந்தது. 2022 ஒக்டோபர் முதற் கம்பனி வரி 30 விழுக்காடாயிற்று. பெறுமதி சேர் வரியோ 8இலிருந்து 12, 15 எனப் படியேறி 2024 சனவரி முதலாம் நாள் 18 விழுக்காட்டில் நின்றது. ஒப்பிட்டுப் பாருங்கள்: கம்பனியின் வரி 2019இல் இருந்த நிலையிலிருந்து இரண்டு புள்ளி ஏறியது; சவர்க்காரம் வாங்கும் ஏழையின் வரி மூன்று புள்ளி ஏறியது. ஏழை விவரத்திரட்டு எழுதுவதில்லை. அவனுக்கு நான்கு தவணையுமில்லை, எட்டு மாத அவகாசமுமில்லை. கடையில் நோட்டை நீட்டும் கணத்திலேயே அவன் வரி கழிகிறது. அவனைக் கேட்டால் "நான் வரி கட்டுறதில்லை" என்பான். தான் கட்டும் வரியைத் தானே அறியாதபடி அமைந்த வரியே ஆள்வோர்க்கு இனியது.

யாழ்ப்பாணத்தின் நிலையும் இதனோடு ஒட்டியதே. 1990இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை ஓய்ந்தது. போர் ஆண்டுகளில் இங்கே தொழிலென்று சொல்ல எஞ்சியது சிறிது. 2009க்குப் பின் பாதை திறக்க, வங்கிக் கிளைகளும் குத்தகைக் கடன் நிறுவனங்களும் நுண்கடன் நிறுவனங்களும் வந்து நிறைந்தன. கணவனை இழந்த பெண் வாரந்தோறும் கடன் தவணையோடு காத்திருக்கிறாள்; ஒரு வாரம் தவறினாற் படலையில் ஆள் நிற்கிறது. மீண்டும் நாம் கம்பனிக்குக் கணக்குக் கொடுக்கிறோம். தோம்பேடு கணினிக்குள் போயிருக்கிறது, அவ்வளவே.

அவ்வாறாயின் நாம் செய்யக்கூடியது யாது? வரி என்றாலே கொடுமை என்னும் பழைய நினைவு நம்மவரிடம் ஆழப் பதிந்திருக்கிறது. தோம்பும் தானிய வரியும் கண்ட மக்களுக்கு அது இயல்பே. அந்த நினைவைச் செல்வர் தமக்குக் கேடயமாக்கிக்கொள்கின்றனர். "வரியைக் குறை" என்னும் கூச்சலில் ஏழையின் குரலும் கலந்துவிடுகிறது. குறைவதோ ஏழையின் வரியன்று. ஆகவே, வரியை வெறுக்கக் கற்பிப்பது முற்போக்கன்று. எவன் எவ்வளவு கொடுக்கிறான், எவனுக்கு எவ்வளவு விடப்படுகிறது என்று கேட்கக் கற்பிப்பதே முற்போக்கு.

அதற்கு வழியும் இல்லாமலில்லை. விவரத்திரட்டு இரகசியமாயிருக்கலாம், ஆனால் கொழும்புப் பங்குச் சந்தையிற் பதிவான கம்பனிகளின் ஆண்டறிக்கைகள் எவரும் படிக்கக்கூடியவை. கணக்கில் வந்த இலாபத்துக்கும் செலுத்தும் வரிக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை விளக்கும் குறிப்பொன்று அவற்றில் உண்டு. வணிகக் கல்வி கற்கும் மாணவன் அக்குறிப்பை வாசிக்கப் பழகினால், அவனுக்கு அது பரீட்சைக்கு மட்டுமன்றி வாழ்வுக்கும் பாடமாகும். வரிவிலக்குப் பெற்ற நிறுவனங்களின் பெயர்ப்பட்டியலை வெளியிட வேண்டும் என்று 2023இல் சர்வதேச நாணய நிதியத்தின் ஆளுகை பற்றிய மதிப்பீட்டறிக்கையே கூறியது. ஏழையின் மானியத்தை வெட்டச் சொல்லும் நிறுவனம் அது. அதுவே இதனைச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், சொல்ல வேண்டிய நாம் வாய்மூடியிருந்தோம் என்பதன்றோ பொருள்?

அந்த மாணவனுக்கு நான் இப்போது சொல்லக்கூடிய விடை இதுதான். தம்பி, நீ சிரிப்புக்கிடமாகக் கேட்கவில்லை. கடை நாட்டை ஆண்டது உண்மை. கடைக்கு நாம் கணக்குக் கொடுத்தவரை அது ஆண்டது. நாட்டுக்குக் கடை கணக்குக் கொடுக்க வேண்டும் என்று 1932இல் சட்டம் எழுதப்பட்டது. அச்சட்டம் இன்னும் பாதிதான் நிறைவேறியிருக்கிறது. கொடுத்த கணக்கை வாசித்துச் சரிபார்க்கக்கூடிய மக்கள் இருக்கும்போதே மற்றப் பாதி நிறைவேறும். உன் கணித பாடத்தைக் கவனமாய்ப் படி.